மழை நாளில் மட்டும்

வெயிலில் அது ஒருநாளும் நின்றதில்லை.
பாலைமுறிப்புக் குளத்தின் அளவுகோலடியில்
தகரப் பெட்டிக்குள் ஒரு பலகை,
பத்து நிமிடத்துக்கு ஒருக்கால்
நீர்மட்டம் சொல்லும்:
எட்டடி இரண்டு. எட்டடி இரண்டு. எட்டடி இரண்டு.
கார்த்திகையில் வானம் கறுத்தால்
ஒன்பதடி நாலில் வாய் மூடிவிடும்.

யாருக்கும் தேவையில்லாத நாளெல்லாம் கதைத்துவிட்டு
தேவையான இரவில் ஊமை.

முதலில் எறும்பு என்றோம்.
பிறகு சிம் என்றோம், ரவர் என்றோம்.
பிறகு நான், வெட்கமாய்த்தான் இருக்கிறது,
கோபிசாந்தின் பற்றாசைக் குற்றம் சொன்னேன்.
அவன் ஒன்றும் பேசாமல்
மூன்று பலகையைத் திரும்பவும் ஒட்டித் தந்தான்.
மூன்றும் அடுத்த மழையில் நின்றன.

கரடிப்போக்குச் சந்தியில்
ரயர்க் கடைக்கு மேலே எங்கள் அறை.
கீழே காற்றடிக்கும் இயந்திரம் தொடங்கினால்
மேசை நடுங்கும், மின்குமிழ் ஒருமுறை கண் சிமிட்டும்.
அங்கே இருந்துதான் மழையைச் செய்தேன்:
இணைப்பை அறுத்து, ஒட்டி, அறுத்து, ஒட்டி,
ஒரு நொடிக்கு நாற்பது தரம்.
இரண்டு மணித்தியாலம் நின்றுபிடித்தது.
மூன்றாவதில் திரை உறைந்தது.

பிடித்தேன் என்று எழும்பினேன்.
எங்கே நிற்கிறதென்று பார்க்க
ஒரேயொரு அச்சு வரி சேர்த்தேன்.
பிழை ஒளிந்துகொண்டது.
வரியை எடுத்தேன், வந்தது.
கேள்வி கேட்கிற நேரத்துக்குள்
பதில் தப்பிப் போகிற வகை.

நாலாம் நாள்
கேர்னலுக்குள் பூட்டுக் கணக்கெடுப்பைத் திறந்துவிட்டேன்.
யார் எந்தப் பூட்டை எடுத்தது,
எதைப் பிடித்தபடி எதற்குக் கை நீட்டியது,
எல்லாம் எழுதிவைக்கும். வேகம் பாதியாகும், ஆகட்டும்.
இரவு ஒன்றேமுக்காலுக்கு
அது சங்கிலியைக் கக்கியது.

மூடும் வேலை பூட்டை எடுத்திருக்கிறது.
எடுத்துக்கொண்டு,
‘மீளத் தொடங்கும் வேலை முடியட்டும், பிறகு விடுகிறேன்’ என்று
நிற்கிறது, மிக மரியாதையாக.
மீளத் தொடங்கும் வேலை வாசலில் வந்து
‘அந்தப் பூட்டைத் தந்தால் முடித்துவிடுவேன்’ என்று
நிற்கிறது, அதுவும் மரியாதையாக.
இருவர்மேலும் குற்றமில்லை.
தனித்தனியே வாசித்தால்
கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம், அவ்வளவு ஒழுங்கு.
வெயில் நாளில் இருவரும் சந்திப்பதில்லை.
மழையில் இணைப்பு விழுந்து எழும்ப எழும்ப
ஒரே நொடியில் ஒரே வாசலுக்கு வந்துவிடுகிறார்கள்.

எனக்குச் சிரிப்பு வந்தது.
இதை நான் ஏற்கெனவே வாசித்திருக்கிறேன்,
அம்மாவின் நீலப் பைலில்.
காணி அனுமதிப் பத்திரத்துக்கு வதிவிடச் சான்று.
வதிவிடச் சான்றுக்குக் காணி அனுமதிப் பத்திரம்.
இரண்டு கந்தோர், ஒரே வளவு,
நடுவில் ஒரு வேம்பும் சைக்கிள் நிறுத்துமிடமும்.
மீளக் குடியேறிய ஆண்டிலிருந்து
இரண்டு யன்னலிலும் மரியாதையாகத்தான் பேசுகிறார்கள்.
பழைய பத்திரம் எங்கே என்று கேட்பார்கள்.
வழியில், என்பார் அம்மா.
எந்த வழியில் என்று எழுத
அந்தப் படிவத்தில் இடமில்லை.

நான்கு வரி மாற்றினேன்.
காத்திருக்க முன் பூட்டை விடு.
காத்திரு. பிறகு திரும்ப எடு.
எடுத்த பின்னும் நம்பாதே:
நீ விட்ட இடைவெளியில் எல்லாம் மாறியிருக்கலாம்,
கருவி இன்னும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்.
அந்தக் கடைசி வரிக்குத்தான் ஒரு பகல் போனது.

கோபிசாந்துக்கு அழைத்தேன்.
‘உன்ர பற்றாசில பிழையில்லை.’
‘எனக்குத் தெரியும்’ என்றான். வைத்துவிட்டான்.

மார்கழி ஏழு, இரவு.
ஒன்பதடி நாலு.
ஒன்பதடி ஆறு.

பத்தடி.
கதிரமலை அண்ணை குளக்கட்டிலிருந்து எடுக்கிறார்,
மழை இரைச்சலுக்குள் பாதிக் குரல்தான் வருகிறது:
‘பிள்ளை, உன்ர பெட்டி பத்தடி எண்டுது.
நான் பாக்க பத்தடி ஒண்டு.
ஆர் சரி?’

நீங்கள்தான் அண்ணை, என்றேன்.
பத்து நிமிசம் பொறுங்கோ,
அதுவும் வந்து சேரும்.